கருப்புசாமி தம் மகளைக் குடும்பத்திலிருந்து நீக்கிய வரலாறு

2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானம் மூடிக் கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஒண்டிப்புதூர் வரை வந்து, எங்கள் மாடிக் கொடியில் காயும் துணிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறது. தூறல் விழும் போலிருக்கிறது; விழவில்லை.

1

இக்கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மகளின் திருமணம் முடிந்த மறுநாள் காலை, என் கணவர் அவளைக் குடும்பத்திலிருந்து நீக்கினார். சண்டை ஏதுமில்லை. கோபம் ஏதுமில்லை. பல் துலக்கிவிட்டு வந்து, கணினியின் முன் அமர்ந்து நீக்கினார்.

இதை எவ்வாறு தொடங்குவது என்று ஒரு வாரமாகச் சிந்தித்தேன். முதல் முயற்சி:

"எழில்மிகு கொங்கு நாட்டின் தலைநகராம் கோவை மாநகரில், தொழில் வளமும் நீர் வளமும்..."

(கைவிட்டேன். இக்கதைக்குத் தலைநகர் தேவைப்படவில்லை. நீர் வளம் பற்றி எங்கள் தெருவினர் வேறு கருத்து உடையவர்கள்.)

இரண்டாம் முயற்சி:

"அறிவியல் மாந்தர்க்கு அளித்த கொடைகளுள் கணினி விளையாட்டு..."

(இதையும் கைவிட்டேன். என் கணவர் அதனை விளையாட்டு என்று சொல்ல ஒப்பமாட்டார். "நான் வண்டி ஓட்டறேன்" என்பார்.)

2

கதைத்தலைவரை அறிமுகம் செய்தல் வேண்டும். அவர் பெயர் கருப்புசாமி.

இவ்வரியை எழுதிவிட்டுச் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணமாகி இருபத்தொன்பது ஆண்டுகளில் நான் அப்பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. வங்கியில் கேட்டால்கூட அட்டையை எடுத்து நீட்டுவேன். எழுத்தில் அந்தத் தடை இல்லை என்பதை, நாற்பத்தாறாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியபோது கண்டுகொண்டேன். கருப்புசாமி. எழுத இனிமையாகவே இருக்கிறது. என் பெயர் பாவாத்தாள். அதுவும் எழுத இனிமையானதே.

கருப்புசாமி லாரி ஓட்டுநர். பம்புசெட் ஏற்றிக்கொண்டு அகமதாபாத் வரை சென்று வந்தவர். சர்க்கரை நோயால் அவரது இடப்பாதம் மரத்துப்போயிற்று. கிளட்ச்சை மிதித்திருக்கிறோமா இல்லையா என்பதை அந்தக் கால் அவருக்குச் சொல்வதை நிறுத்திவிட்டது. பல்லடம் சாலையில் ஒருநாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அவரே முதலாளியிடம் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதன் பின் சன்னலோரம் அமர்ந்து, திருச்சி சாலையில் போகும் வண்டிகளின் ஓசையைக் கேட்டு, எதற்குக் கியர் சரியாக விழவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

அப்போதுதான் எங்கள் மகள் கயல்விழி, சரவணம்பட்டியில் வேலை பார்ப்பவள், தன் கணினியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். அவள் இணையக் கடையில் பல விளையாட்டுகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தாள். அக்கடையில் ஒரு வசதி உண்டு. குடும்பம் என்று சிலரைப் பதிந்துகொண்டால், ஒருவர் வாங்கியதை மற்றவரும் தனியே விலை கொடுக்காமல் ஆடலாம். அவள் அப்படியொரு குடும்பத்தை உருவாக்கி, மரியாதையின் பொருட்டுத் தந்தையைத் தலைவராக்கினாள். என்னையும் சேர்த்தாள். அவளுடைய விளையாட்டுகளுள் ஒன்று, லாரி ஓட்டும் விளையாட்டு.*

* அதில் கிளட்ச் தேவையில்லை. கையாலேயே ஓட்டலாம். சாலைகள் ஐரோப்பாவில் உள்ளவை. அங்கே ஒருவரும் ஹாரன் அடிப்பதில்லை என்பது கருப்புசாமியின் நீங்காத குறை. வண்டி எடுக்கும்முன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். விசைப்பலகைக்கு முன் ஓர் எலுமிச்சம்பழம் உண்டு. நெடுந்தூரம் ஓட்டினால் வண்டியை முறையாக நிறுத்திவிட்டு, கீழேயுள்ள கடைக்குத் தேநீர் குடிக்கப் போவார்.

அவ்வாறு ஈராண்டுகள் ஓட்டினார். சன்னலோரம் காலியாயிற்று. இதற்காக என் மகளுக்கு நான் எவ்வாறு நன்றி கூறுவேன் என்று... (இவ்வரியை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

3

இனி, அவர் செய்த செயல்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். நீக்கினால்தான் புகுந்த வீட்டு அட்டையில் சேர்க்க முடியும். இதைச் சுணங்காமல் செய்து முடிப்பதை எங்கள் பக்கத்தார் மரியாதையாகவே கொள்வர். கயல்விழியைத் தாராபுரத்தில், தமிழ்வேந்தன் என்னும் மின்வாரிய ஊழியருக்குக் கொடுத்தோம். திருமணத்துக்கு முன்பே குடும்ப அட்டையில் பெயர் நீக்கியாயிற்று.

மறுநாள் காலை கருப்புசாமிக்கு இன்னொரு குடும்பம் நினைவுக்கு வந்தது. அதில் அவரே தலைவர். கயல்விழி என்ற பெயரை அழுத்தினார். நீக்கு என்றிருந்தது. நீக்கினார். இடையில் எச்சரிக்கை ஒன்று வந்ததாம். கல்யாணக் களைப்பில் அதைப் படிக்காமல் 'சரி' என்று சொல்லிவிட்டார்.

என்னிடம் பெருமையோடு வந்து சொன்னார்: "கார்டுல பேர எடுத்தமல்ல? இதுலயும் எடுத்துப்போட்டேன். நாளைக்கு அங்கத்தவிங்க ஒண்ணும் சொல்லக்கூடாது பாரு."

பிறகு வண்டி ஓட்ட உட்கார்ந்தார். இந்த விளையாட்டு உங்களிடம் இல்லை என்று திரை சொல்லிற்று. வீட்டிலிருந்த விளையாட்டுகள் யாவும் மகளுடையவை. அவளோடு அவையும் போய்விட்டன.

(இவ்விடத்தில் வாசகர் நகைக்கலாம். நானும் நகைத்தேன்.)

4

நகைப்பு நண்பகல் வரைதான் இருந்தது. தாராபுரத்திலிருந்து கயல்விழி என்னை அழைத்தாள். புகுந்த வீட்டில் அவளுக்கு அதுவே முதல் காலை. எழுந்ததும் அவள் கைப்பேசியில் வந்திருந்த செய்தி: குடும்பத்திலிருந்து நீங்கள் நீக்கப்பட்டீர்கள்.

"அம்மா, அப்பா எம்மேல கோவமா இருக்கறாரா?"

இல்லை என்றேன். அட்டை வழக்கத்தை விளக்கினேன். சரிம்மா என்றாள். அவள் சரி என்று சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

விதிகளையும் அவளே சொன்னாள். நீக்கப்பட்டவர் ஓராண்டு வரை வேறு குடும்பத்தில் சேர முடியாது. ஆகவே தமிழ்வேந்தன் வைத்திருக்கும் குடும்பத்திலும் அவளுக்கு இடமில்லை. விட்டு வந்த குடும்பத்துக்கு மட்டும் திரும்பலாம். அதற்குத் தலைவர் அழைக்க வேண்டும். அந்தப் பொத்தானில் எழுதியிருப்பது: குடும்பத்துக்குத் திரும்ப அழைக்கவும்.

கருப்புசாமியால் அப்பொத்தானை அழுத்த முடியவில்லை.

"கட்டிக்குடுத்த புள்ளைய, ஒரு வாரங்கூட ஆகல, திரும்பி வான்னு நானே கூப்புடறதா?"

இதை நம்புவதா என்று வாசகர் ஐயுறலாம். எழுதும்போது நானும் ஐயுற்றேன். இரண்டு சொடுக்கில் நீக்கியவருக்கு ஒரு சொடுக்கில் அழைக்க என்ன தடை? ஆனால் அந்த மூன்று சொற்களையும் அவர் எழுத்துக் கூட்டிப் படித்தபோது நான் அருகில் இருந்தேன். மணமான பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்புவது என்றால் எங்கள் பக்கம் ஒரே பொருள்தான். அப்பொருள் அவர் முகத்தில் தெரிந்தது.

மறுவீட்டு விருந்துக்கு அவள் வந்தாள். கருப்புசாமி கறியை அள்ளி அள்ளி வைத்தார். புறப்படும்போது அவள் கூடத்துக் கணினியை ஒருமுறை பார்த்தாள். அதன்மேல் துண்டு போட்டு மூடியிருந்தது.

அதே விளையாட்டைப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்று அவரிடம் கேட்டேன். விலை பெரிதன்று.

"வாங்கலாம். வாங்குனா அது என்னுது. அது புள்ளையுது இல்ல."

5

இங்கே நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

ஒன்று. தந்தை மனம் மாறி, தாமே அழைக்கிறார். (நன்றாக இருக்கிறது. ஆனால் அவரோடு வாழ்பவள் நான். அவர் அப்படி மாறமாட்டார்.)

இரண்டு. தாய் யாருமறியாமல் தந்தையின் பெயரில் பொத்தானை அழுத்திவிடுகிறாள். (என்னால் முடியும். ஆனால் மகள் காத்திருந்தது என் அழைப்புக்காக அன்று, தந்தையின் அழைப்புக்காக.)

மூன்று. ஓராண்டு கழிந்து...

(மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. இன்று மாலை. ஆகவே கதை என் கையை விட்டுப் போயிற்று.)

6

அழைத்தவர் சம்பந்தி மாராத்தாள், மாப்பிள்ளையின் தாய். என் கணவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றார். ஒலிபெருக்கியில் போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணா, புள்ள செரியா சோறு உங்கறதில்லீங். நான் ஏதாச்சும் சொல்லிப்போட்டனோன்னு எனக்குப் பயமாப் போச்சு. என்ன அம்மணின்னா, எங்கப்பா என்னைய எடுத்துப்போட்டாருங்கறா. அதென்னுங்க?"

கருப்புசாமி எழுந்து நின்றுகொண்டே கணினிக் குடும்பத்தையும் அதில் ஓட்டும் லாரியையும் அழைக்கும் பொத்தானையும் விளக்கினார். உங்களுக்கு மரியாதைக்குறைவு வந்துவிடக் கூடாது என்றுதான் செய்தேன் என்றார். ஒரு பெண்ணின் பெயர் இரண்டு குடும்பத்தில் இருக்கலாமா என்றார்.

"ஏனுங்ணா, ரேசன் கார்டுல ஒருக்காத்தான் அரிசி போடுவாங்க, அதனால பேரு ஒரு பக்கம் இருந்தாப் போதும். இதுல என்ன அரிசியா போடறாங்க?"

கருப்புசாமி கணினிமேல் கிடந்த துண்டைப் பார்த்தார். மாராத்தாள் தொடர்ந்தார்:

"நான் சொல்றேன், கூப்புடுங்க. அவ எங்கூட்லயும் இருக்கட்டும், உங்கூட்லயும் இருக்கட்டும். முடிஞ்சா எம்பேரையும் சேத்துப்போடுங்க, நானும் தாராபுரத்துல இருந்து ஒரு லோடு அடிக்கறேன்."

கருப்புசாமி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றும் எழுதலாம். எழுதினால் என்னிடம் கோபித்துக்கொள்வார். (எழுதிவிட்டேன்.)

மாராத்தாள் அம்மையாருக்கு, அவர் இதைப் படிக்க வாய்ப்பில்லை எனினும், இவ்விடத்தில் என் நன்றியைப் பதிவு செய்கிறேன். என் மகள் நல்ல வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள் என்பதை இன்றே அறிந்தேன்.

துண்டை எடுத்தார். பொத்தானை அழுத்தினார். சிறிது நேரத்தில் கயல்விழி என்ற பெயர் மீண்டும் எங்கள் பெயர்களுக்குக் கீழே வந்து நின்றது.

வண்டியை எடுக்கப் போனார். திறக்கவில்லை. ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடலாம் என்பது அக்கடையின் இன்னொரு விதி. திரையில் எழுதியிருந்ததை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்: உங்கள் குடும்பத்தைச் சேர்ந்த கயல்விழி இப்போது விளையாடுகிறார்.

இரண்டாம் முறையும் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "புள்ள வண்டி எடுத்துட்டா" என்றார்.

அவள் எந்தச் சாலையில் போகிறாள், எப்போது நிறுத்துவாள், அவர் இறங்கச் சொல்லிக் கேட்பாரா, நாளெல்லாம் காத்திருப்பாரா என்பவற்றை நான் எழுதப்போவதில்லை. வாசகரே முடித்துக்கொள்க. அவர் நாற்காலியைக் கணினியின் அருகே இழுத்துப் போட்டு அமர்ந்திருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நீக்கம் முடிவுற்ற நேரம்: மாலை 5 மணி 38 நிமிடம்.