சிவப்புத் தட்டு, நீலத் தட்டு

1

இந்தக் கதை பிறந்த இடத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெளியே, நடைவழியில் கிடக்கும் ஒரு மர பெஞ்சு. உள்ளே என் மனைவி நுண்ணோக்கியில் கண் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். என்னைத் துரத்தியதும் அவள்தான்.

"நீங்க இங்க இருந்தா உங்க மூஞ்சியே எல்லாத்தையும் சொல்லிடும். வெளிய போய் ஏதாவது எழுதுங்க."

2

மழை ஓய்ந்த அந்த மாலையில், ஆராய்ச்சிக்கூடத்தின் ஜன்னல்கள்... (வேண்டாம். மழையே பெய்யவில்லை.)

விஷயத்துக்கு வருகிறேன். நம் செல்களில் ஆர்.என்.ஏ என்று ஒன்று உண்டு. அதில் ஒரு வகை, புரதம் தயாராக உதவுகிறது. இன்னொரு வகையிலிருந்து புரதம் எதுவும் வராது. வெட்டியாகத் திரிகிறது என்று ரொம்ப காலம் அதை யாரும் சீந்தவில்லை. (எங்கள் வீட்டில் அந்தப் பெயர் எனக்கு.) அப்படிப்பட்ட ஒன்றுதான் ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்களை உசுப்பிவிட்டு, உள்பக்கமாக முண்டியடிக்க வைத்துக் குழாயைக் குறுக்குகிறது என்பது என் மனைவியின் கட்சி.

3

இரண்டு தட்டுகளில் அந்தச் செல்களை வளர்த்தாள். ஒன்றில் மட்டும் அந்த ஆர்.என்.ஏவை அடக்கினாள். இரண்டிலும் நடுவே செல்களை வழித்தெடுத்து ஒரு கோடு கீறினாள். அடக்கிய தட்டில் செல்கள் நகராமல் கோடு திறந்தே கிடந்து, மற்றதில் மூடிக்கொண்டால் அவள் சொன்னது சரி. இல்லையென்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் துறைத் தலைவர்.

(இவரை வில்லனாக்கி இரண்டு பத்தி எழுதினேன். நடுவில் அவரே வந்து, "பெஞ்சு குத்துமே" என்று ஒரு குஷனைக் கொடுத்துவிட்டுப் போனார். பத்திகளை அடித்துவிட்டேன்.)

எது எந்தத் தட்டு என்று, கோட்டுக்குள் நகர்ந்த செல்களை எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஆசைப்பட்ட பக்கம் சாயும். உதவியாளர் லீவு. அதனால் தட்டுகளின் மேல் அவள் எழுதியிருந்ததை மறைத்து, சிவப்பும் நீலமுமாக ஸ்டிக்கர் ஒட்டியது நான்.

4

முடிவு ஒன்று: கண்ணீர் மல்க அவள்... (அழுகிற ஆளே இல்லை.)

முடிவு இரண்டு: தலைவர் மாலையோடு... (குஷனே அதிகம்.)

5

எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. என்னைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"சிவப்பு மூடிடுச்சு. நீலம் அப்படியே திறந்து கெடக்கு."

நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லாதீங்க. இன்னொரு தடவை எண்ணிட்டு வரேன். நம்பணும்னு ஆசையா இருக்கு, அதான் பயமா இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆக, உலகத்திலேயே இதை முதலில் தெரிந்துகொண்டவன் நான், ஒரு செல்லைக்கூடக் கண்ணால் பார்க்காதவன். நீலத்தட்டு எது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். முதலில் கேட்க வேண்டியவள் உள்ளே எண்ணிக்கொண்டிருக்கிறாள். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் முடியாது, எழுத உட்கார வேண்டுமே. நடைவழியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நான் குதித்துக்கொண்டிருக்கிறேன், பெருக்க வந்த அம்மா விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்தபடி எனக்கு வழிவிடுகிறார்.