டிசம்பர் பதினைந்துக்குள்

ஓஸ்மானியை ஒழித்துக்கட்ட எனக்கு ஆறரை வாரம்தான் தேவைப்பட்டது. நவம்பர் ஒன்றாம் தேதி தொடங்கினேன், டிசம்பர் பதினைந்தில் முடித்தேன். இடையில் ஒரு நாள்கூட அவன்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

அவன் அந்நியன் இல்லை. என் மகனுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியில் என் பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்த கை அவனுடையது. அன்றிலிருந்து அவனுக்கு நான் கொமாத்ரே, எனக்கு அவன் கொம்பாத்ரே. எங்கள் கியூபாக்காரர்களிடம் அது ரத்த உறவுக்கு ஒரு படி மேல். நாங்கள் வந்து குடியேறிய இந்த ஹயலேயா ஊரில் அவன் ஒபாமாகேர் ஏஜென்ட். அரசாங்கச் சந்தையில் கிடைக்கிற எல்லா மருத்துவ இன்சூரன்ஸுக்கும் இங்கே அந்த ஒரே பெயர்தான். சூப்பர் மார்க்கெட் வாசலில் நீலக் கூடாரம் போட்டு, ஃபிளாஸ்கில் இனிப்புக் காப்பியோடு உட்கார்ந்திருப்பான். நம்மிடம் காசு வாங்க மாட்டான். தலைக்கு இவ்வளவு என்று கம்பெனி மாதாமாதம் அவனுக்குக் கொடுத்துவிடும்.

பாலிசி எழுதிக்கொள்ளப் போனால் நம் போனை வாங்கி அவனே ஒரு ஈமெயில் திறப்பான், அவனே பாஸ்வேர்டு போடுவான். அது என்னவென்று ஒருவரும் கேட்டதில்லை. "என் பாஸ்வேர்டு ஓஸ்மானிகிட்ட இருக்கு" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம், வீட்டுச் சாவி அண்ணனிடம் இருக்கிறது என்பதுபோல. அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்.

என் தங்கை நியேவெஸ் என்னோடுதான் இருக்கிறாள். பிப்ரவரியில் அவள் மார்பில் கட்டி கண்டுபிடித்தார்கள். எங்கள் வீடுகளில் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. 'அந்தக் கெட்டது' என்போம், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். பெயர் சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும் என்று பயம். நியேவெஸ் இன்னும் ஒரு படி மேலே போனாள். யாருக்குமே தெரியக்கூடாது என்று மாதா படத்தின்மேல் என்னைச் சத்தியம் செய்ய வைத்தாள். கேட்டவர்களுக்கு ரத்தசோகை என்று சொன்னோம். முடி கொட்டியதும் தலையில் துணி சுற்றிக்கொண்டாள். "புது ஃபேஷனா?" என்று கேட்ட ஓஸ்மானியிடம், "ஆமாம், உனக்கும் ஒண்ணு வேணுமா? உன் வழுக்கைக்கு நல்லா இருக்கும்" என்றாள்.

எட்டு தவணை மருந்து ஏற்ற வேண்டும், ஐந்து முடிந்திருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் ஆறாவதுக்குப் போனோம். ஆஸ்பத்திரி வரவேற்பு மேசைப் பெண் இன்சூரன்ஸ் கார்டை இரண்டு முறை தேய்த்துப் பார்த்தாள்.

"இது செல்லாதும்மா. போன மாசக் கடைசியோட இந்த பாலிசி முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சா? யாரு முடிச்சா?"

"உங்க பேர்ல வேற கம்பெனி பாலிசி ஓடுது. அந்தக் கம்பெனியோட எங்களுக்கு ஒப்பந்தம் இல்லை. டாக்டருக்கும் இல்லை."

நியேவெஸ் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தயாராக நின்றுகொண்டிருந்தாள். மெதுவாக அதை இறக்கிவிட்டுக்கொண்டாள். அந்த ஒரு காட்சிக்காக மட்டுமே நான் அவனைக் கொன்றிருப்பேன்.

வாகன நிறுத்தத்திலிருந்தே அவனுக்குப் போன் போட்டேன்.

"கொமாத்ரே! புது கார்டு வந்துச்சா? உங்க நல்லதுக்குத்தான் மாத்தினேன். இதுல பல்லு பார்க்கலாம், மூக்குக்கண்ணாடி சும்மாவே தர்றாங்க!"

"யாரைக் கேட்டு மாத்தின?"

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? நான் என்ன வெளி ஆளா? அவளுக்கு ரத்தசோகைதானே, எந்த டாக்டர்னாலும் இரும்பு மாத்திரை எழுதித் தருவான்."

நோயைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன். சத்தியம் செய்திருந்தேனே. வருமானம் குறைந்தவர்கள் மாதாமாதம் பாலிசி மாற்றிக்கொள்ளலாம் என்று அப்போது ஒரு சலுகை இருந்தது. ஏழைகளுக்காக வைத்த கதவு. அதில் நுழைந்து இவன் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டான். எதற்கு என்பது அடுத்த வாரம் தெரிந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் இத்தனை தலை சேர்த்தால் புது கம்பெனி ஏஜென்டுகளைக் கன்குன் கடற்கரைக்கு அழைத்துப்போகிறதாம். குட்டைக் கால்சட்டையும் தேங்காயில் செருகிய குழலுமாக அவன் படம் ஃபேஸ்புக்கில் வந்தது. நியேவெஸின் பேரையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

அரசாங்கச் சந்தையின் எண்ணுக்கு போன் செய்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஐம்பது நிமிடம் பாட்டு கேட்டபின் ஒரு பெண் வந்தாள். என்ன நோய் என்று கேட்டாள். "புற்றுநோய்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறை அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னேன். சுவர் இடிந்து விழவில்லை.

"மாத்தறதுக்கு சம்மதம்னு கையெழுத்து போட்டீங்களா? போன்லயாவது சரின்னு சொன்னீங்களா?"

"எதுவும் இல்லை."

"அப்ப இது அனுமதி இல்லாம செஞ்சது. புகார் பதியறேன். பழைய பாலிசியைப் பழைய தேதியிலேர்ந்தே திருப்பித் தருவாங்க. ஆனா நாளாகும்."

ஐந்து வாரம் ஆனது. தினமும் கூப்பிட்டேன், கெஞ்சினேன், கத்தினேன். ஒருநாள் அவர்களில் ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள்: "ஏஜென்டைப் பிடிக்கலைன்னா எடுத்துடலாம்மா. யாரு வேணாலும், எப்ப வேணாலும். எங்களுக்கு ஒரு போன் பண்ணா போதும்." குளியலறைத் தரையில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டேன். ஓஸ்மானியின் கழுத்து எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் நெயில் சலூனில் வேலை செய்கிறேன். அவனுடைய ஆட்களில் பாதிப்பேர் என் மேசைக்கு வருகிறவர்கள். கொம்பாத்ரே பிழைக்கட்டும் என்று நானே ஒவ்வொருத்தியாக அவனிடம் அனுப்பிவைத்தேன். நான் கட்டிக்கொடுத்த வீடு, இடிக்கவும் எனக்குத்தான் உரிமை. என் தொழிலில் ஒரு வசதி உண்டு. பாலிஷ் காயும்வரை வந்தவள் எழுந்து போக முடியாது, போனைத் தொட முடியாது. இரண்டு கையும் என்னிடம்.

புது வருடத்துக்கான பதிவு நவம்பர் ஒன்றில் திறக்கிறது. முதல் நாள் முதல் ஆள் எனெய்டா, சர்க்கரை நோய் உள்ள விதவை.

"எனெய்டா, உங்க டாக்டர் உங்க கார்டை எடுத்துக்கறாரான்னு கேட்டுப் பார்த்தீங்களா?"

"அதெல்லாம் ஓஸ்மானி பார்த்துப்பான் மா. தங்கமான பையன். போன கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடை குடுத்தான்."

"தொடையைக் குடுத்துட்டு ஆளையே எடுத்துக்கிட்டான். இருங்க, நான் டயல் பண்றேன், நீங்க பேசுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன். அந்த வருடத்தில் அவள் பாலிசி இரண்டு முறை மாறியிருந்தது. அவள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் புதுப் பட்டியலிலேயே இல்லை. எனெய்டா ஈர நகங்களை அந்தரத்தில் விரித்துப் பிடித்தபடி, ஹவானாத் துறைமுகத்தில்கூடக் கேட்க முடியாத வார்த்தைகளில் அவனைத் திட்டினாள். பக்கத்து நாற்காலிகள் திரும்பிப் பார்த்தன. "எனக்கும் பார்த்துச் சொல்லு", "எனக்கும்" என்று குரல்கள் எழுந்தன. நான் அரத்தைக் கீழே வைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஒன்று சொல்லவேண்டும். என் பழி சுத்தமான பழி. ஒருத்தியைக்கூடக் கண்மூடித்தனமாக மாறச் சொல்லவில்லை. முதலில் உன் டாக்டர், ஆஸ்பத்திரி, மாத்திரை மூன்றும் புது பாலிசியில் இருக்கிறதா என்று அவரவரிடமே கேள் என்றேன். மாதக் கட்டணம் சைபர் என்றதும் வாயைப் பிளக்காதே, ஆஸ்பத்திரியில் படுத்தால் உன் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று பார். இருப்பதே நன்றாக இருந்தால் அதிலேயே இரு, ஏஜென்டை மட்டும் தூக்கு. புதியது உறுதியாகி முதல் கட்டணம் கட்டும்வரை பழையதை நிறுத்தாதே. ஜனவரி முதல் தேதியிலிருந்து வேண்டுமென்றால் டிசம்பர் பதினைந்துக்குள் முடி. ஜனவரி நடுவில் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் கல்யாணம், பிள்ளைப்பேறு, வீடு மாற்றம், வேலையோடு இன்சூரன்ஸும் போவது என்று ஏதாவது நடந்தால்தான் திறக்கும், அதுவும் அறுபது நாளைக்கு. எல்லாம் சொல்லி முடித்து, "ஏஜென்ட் பேரு கேட்டா, ஓஸ்மானி வேண்டாம்னு தெளிவா சொல்லுங்க" என்பேன். அப்புறம்தான் மேல்பூச்சு.

நவம்பர் முடிவதற்குள் என் முகத்தையே பார்க்காதவர்கள்கூட அவனை விட்டுப் போக ஆரம்பித்தார்கள். ஊர்வாய் அப்படி. மாநில இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கும் ஏழு பேர் கையெழுத்தோடு எழுதிப் போட்டேன். வேலை முடிந்து போகும்போது வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு சூப்பர் மார்க்கெட் வழியாக ஓட்டுவேன். கூடாரத்தில் தன்னந்தனியாக உட்கார்ந்து தன் காப்பியைத் தானே குடித்துக்கொண்டிருப்பான். அதைப் பார்த்தால்தான் எனக்கு அன்றைய சாப்பாடு இறங்கும்.

நியேவெஸின் மருந்து அக்டோபரில் மறுபடி தொடங்கி எட்டும் முடிந்திருந்தது. டிசம்பர் ஆறாம் தேதி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கல்லீரலில் புதிதாக ஒரு புள்ளி. அந்த ஐந்து வார இடைவெளியால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது" என்றார். என்னால் முடிந்தது. அன்று மத்தியானமே சலூனுக்குப் போய் இன்னும் நான்கு பேரை அவனிடமிருந்து பிடுங்கினேன்.

பதினைந்தாம் தேதி அவனே வந்தான். என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மேசைமேல் நீட்டினான். நகமெல்லாம் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது.

"லைசென்ஸை நிறுத்தி வெச்சிட்டாங்க, கொமாத்ரே. சந்தோஷமா?"

"ரொம்ப. கன்குன்ல தண்ணி எப்படி இருந்துச்சு?"

"தப்புப் பண்ணேன். இல்லைன்னு சொல்லலை. அறுபது பேரைக் கேக்காம மாத்தினேன். ஆனா பெரிய வியாதிக்காரங்க ஒருத்தரைக்கூடத் தெரிஞ்சு தொடலை. மாத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணி, யாராவது ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கறீங்களான்னு நைசா விசாரிச்சேன். உனக்கும் பண்ணேன். ஆகஸ்ட் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. நீ என்ன சொன்ன?"

எனக்கு நினைவு வந்துவிட்டது. சமையலறையில் இருந்தேன். ஸ்பீக்கரில் அவன் குரல், எதிரே கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நியேவெஸ். 'ஸ்பெஷலிஸ்ட் யாரையாவது பார்க்கறீங்களா?' என்று அவன் கேட்டதும் அவள் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

"'டாக்டரா? எங்க வீட்ல எல்லாரும் எருமை மாதிரி திடமா இருக்கோம்'னு சொன்ன. சிரிச்ச வேற."

"மாத்தட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்டிருந்தா, அப்ப உண்மையைச் சொல்லியிருப்பியா?"

அவன் கைகளை மேசையிலிருந்து தள்ளிவிட்டேன்.

"எழுந்திரு. அடுத்த ஆள் காத்திருக்காங்க."

அடுத்த ஆள் அவனுடைய சொந்த அத்தை. அவன் வெளியே போகுமுன்பே அவளை உட்காரவைத்து எண்ணைச் சுழற்றினேன். அவன் கதவருகே நின்று, தன் பெயரை அத்தை வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் போனான்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. நியேவெஸ் சோபாவில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதற்குள் யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"ஓஸ்மானி வந்தானாமே?"

"வந்தான்."

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. எனக்கு என்ன இருக்குன்னு அப்ப அவனுக்குத் தெரியுமா? இல்ல, நாம சொன்ன பொய்யை நம்பித்தான் செஞ்சானா?"

போர்வைக்கு வெளியே அவள் விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. அந்த ஸ்கேனைப் பார்த்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. எதை நினைத்து என்று எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது.

"தெரியும்டி," என்றேன். "எல்லாம் தெரிஞ்சேதான் செஞ்சான். அவனே ஒத்துக்கிட்டான்."

அவள் கண்ணை மூடினாள். நெஞ்சுக்குள்ளிருந்து மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது.

"பாவி," என்றாள். "நாசமாப் போகட்டும்."

அப்புறம் பசிக்கிறது என்றாள். கறுப்புப் பீன்ஸும் சோறும் ஒரு தட்டு நிறையப் போட்டுக் கொடுத்தேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். மறுநாள் காலை சலூனைத் திறந்ததும், வந்து உட்கார்ந்த முதல் ஆளிடமே சொல்ல ஆரம்பித்தேன்: அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தேதான் ஓஸ்மானி செய்தான்.