இரு முனையும் ஒரே பெட்டியில்

...அப்படி மின்னக் கூடாது, இருபத்து நான்கு பச்சை விளக்குகளும் ஒன்றாக, மூச்சு விடாமல். மற்ற நாளில் ஒன்று மின்னும், இன்னொன்று சும்மா இருக்கும், மூலையில் இரண்டு லேசாகத் துடிக்கும். கம்பெனியின் கணினிகளைக் கவனிக்கும் தேவயானி, அவற்றையும் ஸ்கேனர்களையும் கேபிளால் இணைத்துவைக்கும் ஸ்விட்ச் பெட்டியை, பேக்கிங் ஹால் சுவரில் அண்ணாந்து பார்த்தாள். ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில், நெற்றி என்றா சொல்வது, யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். விடுமுறை முடிந்து சத்தியவேடு கம்பெனி இன்றுதான் திறந்தது, எட்டு மணியிலிருந்து ஒரு ஸ்கேனரும் வேலை செய்யவில்லை, ஸ்கேன் இல்லாமல் லேபிள் வராது, லேபிள் இல்லாமல் சரக்குப் பெட்டி ஏறாது, வெளியே சென்னை லாரி நிற்கிறது. "ஏமைந்திம்மா, என்ன ஆச்சு?" என்றார் சூப்பர்வைசர் ஸ்ரீஹரி. "பத்து மணிக்கு லாரி கேட்ட தாண்டணும். இல்லன்னா சென்னையிலருந்து நெட்வொர்க் சம்பத்த கூப்ட்டுடுவேன், அப்புறம் இங்க உனுக்கு இன்னா வேல?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார்... விளையாட்டுக்கா? ஆறு மாதப் பயிற்சிக் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, வேலையை நிரந்தரமாக்கும் தாள் கையெழுத்தில்லாமல் அவர் மேஜையில் கிடக்கிறது, அவளே பார்த்தாள். வளையம் என்று ஒரு சொல் மனதில் வந்தது. இருக்கட்டும், முதலில் சர்வர்.

சர்வர் அறையில் குளிர். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாள், ஒன்றும் மாறவில்லை, ஒரு ஸ்கேனருக்கு பேட்டரி மாற்றினாள், அதுவும் வீண். பயம் இல்லை. மனிதர்களிடம்தான் அவளுக்குப் பயம், ஸ்விட்ச் பெட்டியிடம் என்ன பயம், அதன் குணம் முழுவதும் தெரியும். அதற்கு முன்கூட்டி யாரையும் தெரியாது, ஒரு கணினி பேசினால்தான் இது இந்த வாசலில், கேபிள் சொருகிய இந்தத் துளையில், இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும், அடுத்த முறை அதற்கு வருவதை அந்த வாசலில் மட்டும் விடும். பேசாமலே இருப்பது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும், அதற்கு ஒன்று வந்தால் வந்த வாசலைத் தவிர எல்லா வாசலிலும் அனுப்பிப் பார்க்கும்... திருப்பதியில் பி.எஸ்ஸி. கடைசி வருடம், வாய்மொழித் தேர்வில் இதையேதான் கேட்டார்கள். இவள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தின நாள் அலிபிரி பஸ்ஸில் இவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட வகுப்புத் தோழி பரணி கணீரென்று சொல்லிவிட்டாள். அப்போது கோபம் வரவில்லை. இப்போதும் வரவில்லை... வரவில்லையா? போன் அடித்தது, ஸ்ரீஹரி அதற்குள் சென்னைக்குச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. "அது பழைய டப்பாம்மா, செத்துப் போச்சு," என்றார் சம்பத், "கழட்டி வை, மத்தியானம் வந்து புதுசு மாட்டுறேன்." செத்ததா? செத்தது இப்படியா மின்னும், அது தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறது சார்... "சரி சார்," என்றாள்.

ஹாலுக்குத் திரும்பும்போது மணி ஒன்பது. ஒரு ஸ்கேனர் காலையில் எழுந்ததும், இந்த எண் யாருடையது என்று எல்லோரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்கும், பெட்டி அதை எல்லா வாசலிலும் விடும், அதோடு முடிந்தது. ஆனால் வெளியே போனது இன்னொரு வாசல் வழியாக உள்ளே வந்தால்? பெட்டிக்கு அது புதுக் கேள்வி, மறுபடி எல்லோருக்கும், மறுபடி உள்ளே. எத்தனை சுற்று சுற்றினோம் என்று குறித்துவைக்க அந்தக் கேள்வியில் இடமே கிடையாது, ஆகவே அதற்குச் சாவும் கிடையாது, ஒன்று நூறாகி நூறு லட்சமாகி வேறு எவரும் வாய் திறக்க வழியில்லை. விலை கூடிய பெட்டி என்றால் இந்த வளையத்தைக் கண்டுபிடித்துத் தானே ஒரு வாசலை அடைத்துக்கொள்ளும், இது பாவம், சொன்னதைச் செய்வது. ஸ்டூலில் ஏறினாள். பத்தொன்பதாம் வாசலில் மஞ்சள் கேபிள், விரலால் தொட்டுக்கொண்டே போனாள், கீழே இறங்கி, வளைந்து, மேலே ஏறி... இருபத்து மூன்றில் முடிந்தது. முனையில் குங்குமம்.

"இன்னா பாப்பா, அதையே பாத்துக்கினு இருக்கே?" துடைப்பத்தோடு பச்சையம்மாள் நின்றிருந்தாள், ஹாலைப் பெருக்குகிறவள், கான்ட்ராக்ட், விஜயபுரத்திலிருந்து தினமும் பஸ். "நான்தான் சொருவுனேன். பூச நாளும் அதுவுமா ஒயரு தரையில மிதிபடுது, தொடச்சி, பொட்டு வெச்சி, ஓட்ட ஒண்ணு காலியா இருந்துச்சு, உட்டேன். டக்குனு பூந்துச்சு தெரியுமா!" தேவயானிக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடி நின்றது, அது அவள் லேப்டாப்பை மாட்டிச் சோதிக்கும் கேபிள், பூஜைக்கு முந்தின மாலை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு முனையைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பிடுங்கினாள். விளக்குகள் எல்லாம் ஒரு கணம் அடங்கின, பிறகு ஒன்று, தள்ளி ஒன்று... மேஜையில் ஸ்கேனர் கீச்சென்றது, லேபிள் நீண்டு வந்தது.

ஸ்ரீஹரி வந்துவிட்டார். "யாரு பண்ண வேல இது?" பச்சையம்மாளின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று, அவளை வேலையை விட்டு அனுப்ப ஒரு வார்த்தை போதும். "என் ஒயர் சார். நான்தான் தொங்க உட்டுட்டுப் போனேன்," என்றாள் தேவயானி. குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது, பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இல்ல சார், நான்..." என்றாள் பச்சையம்மாள். "நீ சும்மா இரு அக்கா," என்று தேவயானி அவளைத் தடுத்தாள். ஸ்ரீஹரி தேவயானி பக்கம் திரும்பினார். "உன் ஒயரா? அப்போ ஒரு மணி நேரமா இன்னாதான் பண்ணிக்கினு இருந்தே?" பதிலுக்கு நிற்காமல் லாரியை நோக்கிப் போனார். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கேபிளைச் சுருட்டினாள். பயப்படாமல் சொல்லியாயிற்று, உண்மையும்கூட, பாதியாவது... ஆனால் அவர் கேட்டது? வளையம் என்று எட்டு மணிக்கே தோன்றியது, சர்வரில் ஒன்றுமில்லை என்று அங்கே போகும்போதே தெரியும், பேட்டரி நன்றாக இருக்கிறது என்பது கழற்றும்போதே தெரியும், பின்னே அந்த ஒரு மணி நேரம் அவள் தேடியது கோளாறையா, இல்லை, அந்தத் தவறு தன்னுடையதாக இல்லாமலிருக்க ஓர் இடத்தையா...