ஏழாவது கை

கட்சியில் இரண்டு லட்சம் பேர் இருந்த காலத்தில் மத்தியக் குழுவுக்குள் நுழைய அடிதடி. இப்போது உறுப்பினர்கள் அனைவருமே மத்தியக் குழுவில் இருந்தார்கள். மொத்தம் ஏழு பேர்.

தேசியத் தலைமையகத்தின் கீழ்த்தளத்தை டிரைவிங் ஸ்கூலுக்கு விட்டிருந்தார்கள். மாடியில், அடுக்கிவைத்த இருநூறு நாற்காலிகளின் பக்கத்தில் நின்று, பொதுச்செயலாளர் பதினெட்டுப் பக்கக் குற்றப்பத்திரிகை வாசித்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதையும் படிப்படியாக நிறுவாமல் விடமாட்டார்.

குற்றவாளி அவருடைய மனைவியின் தம்பி, லேத் பட்டறைக்காரர். சலூனில் முடிவெட்டிக்கொண்டபோது, "ரெண்டு மந்திரி பதவிக்காக மில் ஸ்டிரைக்கை நாப்பத்து மூணாம் நாள் நிறுத்தினோமே, அன்னைக்கே கட்சி படுத்துடுச்சு" என்று சொல்லிவிட்டார். முடிவெட்டியவர் கட்சிக்காரர்கூட இல்லை. அதனால் குற்றம் இன்னும் பெரிதானது.

ஸ்டிரைக்கை நிறுத்தியது ஏன் என்று கேட்டவர்களைக் கட்சி அப்போதே வெளியேற்றியது. ஏன் வெளியேற்றினீர்கள் என்று கேட்டவர்கள் தனிக்கட்சி கண்டார்கள். அதுவும் இரண்டானது. பட்டறைக்காரர் மட்டும் வாய் திறக்காமல் முப்பது வருஷம் கூட்டக் குறிப்பு எழுதினார். கட்சியை விட்டால் அவருக்குப் போக்கிடமில்லை.

"தோழரை வெளியேற்ற ஆதரவா இருக்கறவங்க கை தூக்கலாம்."

ஐந்து கைகள். கொஞ்சம் பொறுத்து, பொதுச்செயலாளரின் மனைவியும் பட்டறைக்காரரின் அக்காவுமானவரின் கை.

"தோள் வலின்னு சொன்னியேக்கா?"

"கட்சிக் கட்டுப்பாடுடா. கூட்டம் முடிஞ்சதும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போ."

பட்டறைக்காரரும் கை தூக்கினார். கட்டுப்பாடு அவருக்கும் உண்டு. 'ஒருமனதாக' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"மாமா, விதி ஒன்பது. ஏழு பேருக்குக் குறைஞ்சா மத்தியக் குழு கிடையாது. அது இல்லேன்னா கட்சியே கிடையாது. நான் இந்தக் குறிப்புல கையெழுத்துப் போட்டா எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

"உடனே புது உறுப்பினரா சேர்ந்துக்குங்க, தோழர்."

"சேர்த்துக்க மத்தியக் குழு வேணுமே."

கணக்கு வாத்தியாருக்கு அதுவரை ஏழிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கத் தோன்றியிருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"மச்சான்," என்றார். கூட்டத்தில் உறவுமுறை சொல்லி அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை. "சலூன்ல பேசினதை வாபஸ் வாங்கிடு. நானும் தீர்மானத்தை வாபஸ் வாங்கிடறேன்."

"மாட்டேன் மாமா."

பட்டறைக்காரர் எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துவந்தார். ஸ்டிரைக்கை நிறுத்திய நாளின் பக்கம். 'விவாதம்' என்று எழுதி, கீழே முக்கால் பக்கம் வெறுமையாக விட்டிருந்தார்.

"பேசுவீங்கன்னு இடம் விட்டேன். யாரும் பேசல. இன்னைக்குப் பேசுங்க. நான் சொன்னது தப்புன்னு முடிவானா நானே கையெழுத்துப் போடறேன்."

"நிகழ்ச்சி நிரல்ல இல்லையே."

கீழே டிரைவிங் ஸ்கூல் வண்டி ஒன்று உறுமி உறுமி நின்றது. நான்கு உறுப்பினர்கள் கூரையைப் பார்த்தார்கள். அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"அந்த நாப்பத்து மூணு நாளும் மில் வாசல்ல நின்னவ நான். நிறுத்தியாச்சுன்னு ரேடியோவுலதான் கேட்டேன். எழுதுடா."

பொதுச்செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிஷம், தோழர்."

அக்கா அந்தக் கடிகாரத்தை அவர் கையிலிருந்து கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.