வழுக்கி விழுந்தவர்கள்

வார்டில் ஆறாவது ஆள் விழுந்தபோது தரை துடைப்பவளின் வாளியில் இன்னும் தண்ணீரே பிடிக்கவில்லை. ஓடிப்போய்த் தாங்கினாள். பெரியவரின் கண் மேலே சொருகியிருந்தது. புது ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுத்து அரைமணி ஆகியிருக்கும். முன்னால் விழுந்த ஐந்து பேரும் இப்படித்தான். மாத்திரை, எழுந்து நிற்பது, கண் சொருகல், பொத்தென்று ஒரு சத்தம்.

கம்ப்யூட்டரில் பதிகிறவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'வழுக்கி விழுந்தார், தரை ஈரம்' என்று ஒரே தட்டு. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவள் அவள். 'ஈரம்' மட்டும் உடனே கண்ணில் குத்தியது.

"தரை காய்ஞ்சு கெடக்கு தம்பி. மயக்கம்னு போடேன்."

"மயக்கம்னு தொட்டா இன்னொரு பக்கம் தொறந்து பன்னெண்டு கேள்வி கேக்கும்க்கா. நீ வந்து பதில் சொல்றியா?"

"சொல்றேன்."

"டாக்டரக்கா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்கப்பா!" என்று வார்டைப் பார்த்துக் கிண்டலாகக் கத்தினான் அவன்.

மறுவாரம் மருந்துச் சோதனை அலுவலகத்து அம்மா வந்தாள். நோயாளிகளின் பதிவுகளையெல்லாம் அலசி, புது மாத்திரையால் யாருக்காவது கெடுதல் வந்ததா என்று தேடுவது அவள் வேலை. ஊழியர் குடும்பம் என்பதால்தான் தரை துடைப்பவளின் புருஷனுக்கு வாரம் மூன்று தடவை இங்கே இலவசமாக ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். இருந்தாலும் போய் நின்றாள்.

"அவங்க யாரும் வழுக்கலம்மா. மாத்திரைதான் தள்ளிவிடுது."

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதிவைத் திருப்பினாள். மயக்கம், பூஜ்யம். தரை ஈரம், ஆறு.

"உங்க ஷிஃப்ட் எப்போ?"

"காலையிலம்மா."

"ஆறு பேரும் காலையிலதான் விழுந்திருக்காங்க."

"மாத்திரையும் காலையிலதானம்மா குடுக்கறாங்க!"

அந்த அம்மா தலையாட்டினாள். அதையும் குறித்துக்கொண்டதுபோலத்தான் தெரிந்தது.

நாலாம் நாள் அறிக்கை வந்தது. மாத்திரையில் குறையில்லை, தரை துடைக்கும் ஆளை மாற்றவும்.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றபடி துப்புரவு மேஸ்திரி அவளுடைய அடையாள அட்டைக்குக் கை நீட்டினான். "நீ பேசப்போய்தான் தரையப் பத்தியே பாத்தாங்களாம்."

"நாளைக்கு அவருக்கு ரத்தம் சுத்தம் பண்ற நாளுண்ணே."

"அது ஊழியருக்கு."

வெளியே போகும் வழி வார்டுக்குள்தான். கட்டிலோரமெல்லாம் புது ரப்பர் விரிப்பு போட்டிருந்தார்கள். கதவோரக் கட்டில்காரர் மாத்திரை விழுங்கிய டம்ளரை வைத்துவிட்டு மெல்ல எழுந்து நின்றார். விரிப்பு நன்றாகத்தான் பிடித்தது. கால் இம்மியும் வழுக்கவில்லை. கை மட்டும், கட்டில் கம்பிக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தது.