குடும்ப நேரம்

பாத்திரம், பிளாஸ்டிக், கண்ணாடிச் சாமான் என்று எல்லாம் விற்கிற பெரிய கடை அது. கண்ணாடிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவளுக்குக் கண்ணாடியக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. பிளாஸ்டிக் பிரிவுக்காரி பக்கெட். இரண்டு பேருக்கும் வீட்டில் வைத்த பேர் உண்டு. கடையில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

கடை திறப்பது பத்து மணிக்கு. ஆனால் எட்டே முக்காலுக்கே எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும். பெருக்கி, துடைத்து, அடுக்கி, ஷட்டர் ஏறும்போது கடை பளபளவென்று இருக்க வேண்டும். சுவரில் விரல் வைக்கிற மெஷின் இருக்கிறது. பத்து மணி வரைக்கும் அதன்மேல் ஒரு மஞ்சள் துணி தொங்கும். மேனேஜர் வந்து துணியை எடுத்த பிறகுதான் விரல் வைக்கலாம். சம்பளக் கணக்கு அங்கேதான் ஆரம்பம். அதற்கு முந்தின நேரத்துக்கு முதலாளி வைத்த பேர் குடும்ப நேரம்.

"நாம எல்லாம் ஒரே குடும்பம். வீட்டைப் பெருக்குறதுக்கு யாராவது கூலி கேப்பாங்களா?" என்பார்.

எல்லாரும் வீட்டைப் பெருக்கிவிட்டுத்தான் வந்திருப்பார்கள். அதற்கும் கூலி கிடையாதுதான்.

கண்ணாடியக்காவுக்கு அப்போது கடைவாய்ப் பல்லில் வலி. ஒரு பக்கக் கன்னம் உப்பிப்போய் இருந்தது. சம்பளம் வந்ததும் பிடுங்கிவிடலாம் என்று மாதா மாதம் நினைப்பாள். மாதா மாதம் ஏதாவது ஒரு செலவு முந்திக்கொள்ளும். "இந்த மாசமும் பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டிருவோம்" என்றார் வீட்டுக்காரர். "எந்தப் பல்லை?" என்று கேட்டாள் அவள். வருகிற சம்பளம் பல் டாக்டருக்குத்தான், அதில் மாற்றமில்லை.

அன்றைக்குக் குடும்ப நேரத்தில் அவள் ஏணிமேல் நின்று டின்னர் செட் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கெட் கீழே ஏணியைப் பிடித்திருந்தாள். அலமாரித் தட்டைத் தாங்கியிருந்த இரும்பு ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தது. மேனேஜரிடம் சொல்லிச் சொல்லி அலுத்தாயிற்று. அன்றைக்கு அது பெயர்ந்துகொண்டு வந்துவிட்டது. தட்டு, கிண்ணம், ஜக் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தரைக்கு வந்தன. ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டதால் அவள் மட்டும் வரவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். அவளைவிடச் சின்ன வயசு.

"ஐயோ அக்கா! இம்போர்ட்டட் செட்டுக்கா அது!"

"எனக்கு ஒண்ணும் ஆகல சார்" என்றாள், அவர் கேட்காததற்கும் சேர்த்து.

"சம்பளத்துலதான் பிடிக்கச் சொல்வாரு. நான் என்ன பண்ண?"

"ஏன் சார், குடும்பத்துல தட்டு ஒடைஞ்சா சம்பளத்துலயா பிடிப்பாங்க? ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டுருவாங்க" என்றாள் பக்கெட்.

"நீ சும்மா இரு பக்கெட்டு. உன் சாமான் விழுந்தா துள்ளும். இது அப்படியா?"

கண்ணாடியக்காவுக்குப் பல் டாக்டர் கைநழுவிப் போவது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. மிச்சமிருந்த குடும்ப நேரத்தில் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கி அள்ளினாள். பத்து மணிக்குத் துணியை எடுத்தார்கள். விரலை வைத்துவிட்டு வேலைக்கு வந்தாள்.

முதலாளிக்கு அப்புறம்தான் இன்சூரன்ஸ் ஞாபகம் வந்தது. அதற்காகச் சம்பளத்தில் பிடிப்பதை அவர் கைவிடவில்லை. இரண்டு பக்கமும் பணம் வந்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

மறுநாள் இன்சூரன்ஸ்காரர் வந்தார். கேமராவில் பதிவானதைப் போட்டுப் பார்த்தார். மூலையில் ஒன்பதேகால் என்று காட்டியது.

"கடை பத்து மணிக்குத்தானே? மூடின கடையில தானா விழுந்தா எங்க பொறுப்பு இல்ல. வேலை செய்யறப்ப ஆள் கையால ஒடைஞ்சாதான் பணம்."

"ஆள் இருக்காங்களே சார், ஏணி மேல!" என்றார் மேனேஜர் அவசரமாக. "நம்ம கண்ணாடியக்கா."

இன்சூரன்ஸ்காரர் மெஷின் கணக்கைப் பார்த்தார். "இந்தம்மா பத்து மணிக்குத்தான வேலைக்கு வந்திருக்காங்க? அப்ப ஏணி மேல நிக்கிறது யாரு, வெளியாளா?"

மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பாதிதான் திறந்து சொன்னாள்:

"நீங்களே சொல்லுங்க சார். நான் அப்ப வேலைல இருந்தேனா, குடும்பத்துல இருந்தேனா? வேலைல இல்லைன்னா, வராதவ எப்படித் தட்டை ஒடைக்க முடியும்? அதுக்கு எதுக்கு என் சம்பளத்துல பிடிக்கணும்?"

மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் கத்தியது.

"வேலைதான்னு எழுதச் சொல்லுய்யா! ஏணி மேல ஏறி வேற என்ன பண்ணுவாங்க, காத்தா வாங்குவாங்க?"

"வேலைன்னா அந்த நேரத்துக்குச் சம்பளம் போட்டிருக்கணும். அந்தக் கணக்கு எனக்கு வேணும்" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"போட்டுக் குடுத்துருவோம்."

"சம்பளத்துலயும் பிடிக்கிறீங்களாமே? ஒரே தட்டுக்கு ரெண்டு விலையா?"

ஸ்பீக்கர் இருமியது. "அதெல்லாம் இல்ல சார். நம்ம குடும்பம்..."

"அண்ணே!" என்று ஸ்பீக்கர் பக்கம் குனிந்து குறுக்கே புகுந்தாள் பக்கெட். "ஏணியைப் பிடிச்சிருந்தது நான். படத்துல என் கை தெரியுது. நானும் வேலைலதான இருந்தேன்?"

"பின்னாடி தரை துடைக்கிறது நான்" என்றாள் இன்னொருத்தி. மற்றவர்களும் படம் ஓடிய திரைக்குப் பக்கத்தில் வந்து, தங்களைத் தேட ஆரம்பித்தார்கள்.

அந்த மாதச் சம்பளத்தில் எதையும் பிடிக்கவில்லை. அந்த ஒரு காலைக்கு மட்டும் எல்லாருக்கும் கொஞ்சம் கூட வந்திருந்தது. இத்தனை வருஷத்துக் காலைகளைப் பற்றிக் கேட்டதற்கு, அதற்கெல்லாம் படம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. மறுநாளே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவள் திரும்பி வந்தபோது கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இனி பத்து மணிக்கு முன்னால் ஊழியர் யாரும் உள்ளே வரக் கூடாது. முதலாளி குடும்பத்தைக் கலைத்துவிட்டார்.

எல்லாரும் ஷட்டருக்கு வெளியே நின்றார்கள். அது பாதி ஏறியிருந்தது. உள்ளே மேனேஜர் ஒற்றை ஆளாகத் தரை துடைத்து, தூசி தட்டி, இப்போது ஏணிமேல் தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார். ஏணி ஆடியது.

"அக்கா! கொஞ்சம் வந்து பிடிங்கக்கா, விழுந்துருவேன்!"

அவள் குனிந்து உள்ளே போனாள். நேராக மெஷினுக்குப் போய்த் துணியை எடுத்துவிட்டு விரலை வைத்தாள். பீப் என்றது.

"என்னக்கா பண்றீங்க? மணி ஒன்பதரைக்கா!"

"வேலைக்கு வந்திருக்கேன். நீங்களும் வச்சிட்டு ஏறியிருக்கலாம்ல?"

"எனக்கு மெஷின்ல பேரே இல்லக்கா" என்றார் மேலேயிருந்து. "மேனேஜருக்கு நேரக் கணக்கு கிடையாதாம். காலையில ஏழு மணிக்கு வந்தேன்."

கண்ணாடியக்கா ஒரு நிமிஷம் அவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ பார்க்காதீங்க தம்பி. அந்த அலமாரி இரும்பை மொதல்ல முடுக்குங்க."