காம்பாகப் போவது யார்

1

இந்தக் கதை பிறந்தது உள்ளொளியில் அல்ல, வசவில். "ஆறு மாசமா ஃபேனைப் பாத்துட்டே உக்காந்திருக்கியே, என் லேப்ல நடக்குறதையாவது எழுதேன்" என்றாள் தங்கச்சி. அவள் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த ஊழியர். மண்ணில் வாழும் அமீபாக்களை வளர்க்கிறாள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல்.

உடனே எழுதினேன்: "நான் ஒரு செல். பசிக்கிறது. இந்தப் பிரபஞ்சத்தின் பேரமைதியில்

அடித்துவிட்டேன். பிரபஞ்சம் வந்துவிட்டால் எழுத்தாளனிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

2

விஷயம் இதுதான். தின்ன பாக்டீரியா இருக்கும்வரை இந்த அமீபாக்கள் தனித்தனியே திரியும். பக்கத்தில் யார் என்றுகூடத் திரும்பிப் பார்க்காது. சாப்பாடு தீர்ந்ததும் ஒன்று ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். அடுத்தது அதை உணர்ந்து, கசிவு வந்த பக்கமாக நகரும், தானும் கசியவிடும். இப்படியே அலை அலையாய்ச் செய்தி பரவும். தலைவர் இல்லை, சுற்றறிக்கை இல்லை. ஆயிரக்கணக்கில் கூடி, புழுப்போல ஊர்ந்து, கடைசியில் குட்டிக் காளான்போல எழுந்து நிற்கும். உச்சியில் இருப்பவை வித்தாகிப் பிழைக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காம்பாகிச் செத்துப்போகும்.

"தியாகம்!" என்று எழுதினேன்.

"மண்ணாங்கட்டி. செல்லுக்கு மனசெல்லாம் கிடையாதுண்ணா. நீ கண்ணைத் தொடைச்சுக்கணும்னு அது சாகல."

(முந்தைய வரைவில் நம் செல்லுக்கு ஒரு காதலி இருந்தாள். ஒன்று இரண்டாகப் பிளந்தே பெருகும் பிராணி அது என்று தெரிந்ததும் அவளை நீக்கினேன். வருத்தம்தான். நல்ல வசனங்கள் அவளிடம் இருந்தன.)

3

புது நுண்ணோக்கிக்குத் திறப்பு விழா. பகல் பன்னிரண்டு மணிக்கு, செல்கள் கூடுவதை விருந்தினர்கள் பெரிய திரையில் பார்க்க வேண்டும். அதற்காகத் தங்கச்சி விடியற்காலை ஐந்து மணிக்கே போய், செல்களைக் கழுவி, இரை இல்லாத தட்டுகளில் பட்டினி போட்டுவிட்டாள்.

பத்து மணிக்கு இயக்குநர் வந்தார், புகைப்படக்காரரோடு. ரிப்பன் வெட்டுவது அவருக்குப் போதவில்லை. "உயிருக்கு உணவளித்துத் தொடங்குவோம்" என்று பாக்டீரியாக் கரைசலைக் கையில் எடுத்தார்.

"சார், வேணாம் சார். சாப்பாடு போட்டா கலைஞ்சிடும்."

"பட்டினி போட்டுட்டு விழாவா? பாக்குறவங்க என்னம்மா நினைப்பாங்க? ஒரே ஒரு சொட்டு."

நாலு கோணத்தில் படம் எடுத்ததால் தட்டுக்கு நாலு சொட்டு.

கூடத் தொடங்கியிருந்தவை கொஞ்ச நேரத்தில் கலைந்தன. திரையில் விருந்தினர்கள் கண்டது, மூலைக்கொன்றாய் உட்கார்ந்து தின்கிற அமீபாக்களை. முன்னால் நின்று இயக்குநர், கூட்டுமுயற்சியின் மகத்துவம் பற்றி முக்கால் மணிநேரம் பேசினார். "இன்னும் சாப்பிட்டு முடிக்கலையா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்களாம்.

4

மறுநாள் இயக்குநர் தன் அறையில் ஒரு வாக்கியத்தைக் கசியவிட்டார்: "செல்களைச் சரியாகத் தயார்செய்யவில்லை." அடுத்த அறை அதை வாங்கிக் கசியவிட்டது. மதியத்துக்குள் கட்டடமே நம்பிவிட்டது. மேலாளர் ஒரு கடிதத்தை டைப் அடித்தே தங்கச்சியிடம் கொண்டுவந்தார்: "என் அஜாக்கிரதையால்..."

"நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுடும்மா. ஒருத்தர் பொறுப்பேத்துக்கிட்டா விசாரணைக் கமிட்டி ஃபைலை மூடிடும். இல்லேன்னா லேபை மூடிடும். உன் வேலை போகும், லேப்ல மத்த நாலு பேரோடது தப்பிக்கும்."

ஐந்து பேரில் ஒருத்தி. இந்தக் கணக்கு நான் போட்டதல்ல. நான் போட்டிருந்தால் இவ்வளவு அப்பட்டமாகப் போட்டிருக்க மாட்டேன்.

"அவர் சொட்டு விட்ட போட்டோவைக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினேனே. மேனேஜர், 'சார் முகம் எவ்ளோ தெளிவா விழுந்திருக்கு பாரு'ங்கறார்."

5

முடிவு அ: கடிதத்தைக் கிழித்தெறிகிறாள். (வாசகர்கள் கைதட்டுகிறார்கள். வேலை போன மற்ற நாலு பேர் தட்டவில்லை.)

முடிவு ஆ: கையெழுத்திடுகிறாள். மெல்லிய மழை பெய்

வேண்டாம்.

மூன்றே முக்காலுக்கு அவளே போன் செய்தாள்.

"உன் கதையில நான் என்ன பண்றேன்?"

"கிழிச்சுப் போடுறே."

"உனக்கென்ன, கிழிக்க வீடு பூரா காகிதம் வெச்சிருக்கே."

"மத்த நாலு பேர் என்னம்மா சொல்றாங்க?"

"ஆளுக்கொரு மூலையில தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்காங்க. நானும் எதுவும் கேக்கல. கேட்டா அவங்களும் மாட்டுவாங்க. ஆனா யாராவது ஒருத்தர் மொதல்ல வாயைத் தொறக்கணும், இல்ல?"

நான் எதுவும் சொல்லவில்லை. இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

"இரு, வெச்சிடாதே."

காலடிச் சத்தம். பிறகு, போனுக்குச் சற்றுத் தள்ளி, அவள் குரல்: "அந்தச் சொட்டு விட்டப்ப நீங்க எல்லாரும் இங்கதான் இருந்தீங்க. அதை எழுதி அஞ்சு பேரும் கையெழுத்துப் போடலாமா?"

ஏதோ இயந்திரத்தின் ரீங்காரம்.

ஒரு நாற்காலி நகர்கிறது. ஒன்று மட்டும்.

இதற்கு மேல் நீங்கள் எழுதுங்கள். என்னிடம் விட்டால் மிச்ச மூன்று நாற்காலிகளையும் ஒரே வரியில் நகர்த்திவிடுவேன்; அவள் நம்ப மாட்டாள். மணி மூன்று ஐம்பத்தாறு. போன் இன்னும் என் காதில்தான்